வட்டாரம் வளம் பெற: கல்வியும் வசதியும் ஊர் வழக்கமும்

உழவர் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் பக்கத்திற்கும் தார்ச்சாலை வந்துவிட்டது, மின்சாரம் வந்துவிட்டது, பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஆனாலும் வேறு சில வட்டாரங்கள் முன்னேறிய அளவுக்கு நாங்கள் முன்னேறவில்லையே, ஏன்?" என்று உழவர் பெருமக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வட்டாரத்தின் வளத்திற்கு மண்ணும் மழையும் மட்டுமே காரணம் என்றால், மழை குறைந்த வட்டாரங்கள் எல்லாம் ஏழை வட்டாரங்களாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இக்கேள்விக்கு விடை காணக் கொங்கு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய நாமக்கல், கரூர்ப் பகுதிகளையும் கொண்ட இந்த வட்டாரம் இயற்கையிடமிருந்து அதிகம் பெற்றதன்று. இருந்தும் நூறு ஆண்டுகளுக்குள் நன்கு உயர்ந்தது. அதே வட்டாரம் இன்று தண்ணீருக்காகத் தடுமாறுகிறது. அந்த உயர்விலும் தடுமாற்றத்திலும் மற்ற வட்டாரத்தாருக்கும் பாடம் இருக்கிறது.

மூன்று சொற்களின் பொருள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

அடிப்படை வசதிகள் என்றால் சாலை, இரயில், மின்சாரம், அணை, வாய்க்கால், சந்தை, கிடங்கு, வங்கி போன்றவை. இவற்றைத் தனி உழவர் ஒருவர் தம் செலவில் அமைத்துக்கொள்ள இயலாது. அரசோ பலர் கூடிய அமைப்போதான் ஏற்படுத்த வேண்டும்.

கல்வி என்பது பள்ளிப் படிப்பு மட்டும் அன்று. பயிர் நுட்பம், கைத்தொழில், கணக்கு எழுதுதல், விலை விவரம் அறிதல் ஆகிய அனைத்தும் கல்வியே.

பண்பாடு என்றவுடன் திருவிழாவும் கூத்தும் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசும் பண்பாடு, ஊரார் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் முறை. உடலுழைப்பை ஊர் எப்படி மதிக்கிறது? வாங்கிய கடனைத் திருப்பித் தருவதை எப்படி நினைக்கிறது? பொது வாய்க்காலை யார் தூர் வாருகிறார்கள்? யாருடைய பிள்ளை பள்ளிக்குப் போகலாம், யாருடைய பிள்ளை போக வேண்டியதில்லை என்று கருதுகிறார்கள்? இவையெல்லாம் ஊரின் பண்பாட்டைக் காட்டும் கேள்விகள். பொருளாதாரத்தில் இவற்றுக்குள்ள பங்கு பலர் எண்ணுவதை விடப் பெரியது.

மழை மறைவில் ஒரு வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் கொங்குச் சமவெளி அமைந்துள்ளது. தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை 900 மி.மீ.க்கு மேல். கொங்குச் சமவெளியின் பெரும்பகுதியில் பெய்வதோ 600 முதல் 700 மி.மீ. தான். மண்ணுக்கு அடியில் கடும்பாறை. காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் ஆகிய ஆறுகள் ஓடினாலும், பழைய வாய்க்கால்கள் எட்டிய இடம் ஆற்றோரப் பகுதிகளே. மற்ற இடங்களில் சோளம், கம்பு போன்ற மானாவாரிப் பயிர்களும், பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகளுமே உழவருக்குத் துணை.

அந்தக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தை முதியவர்கள் அறிவார்கள். ஒரு கவலை ஓடுவதற்குப் பலவும் பலரும் வேண்டும். இழுக்க வலுவான காளைகள் வேண்டும். காங்கயம் இனக் காளைகள் அதற்குப் பேர்போனவை. அந்த மாடுகள் வளரக் கொரங்காடு வேண்டும். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர விட்டு, மாறி மாறி மேய விடும் மேய்ச்சல் நிலத்திற்குத்தான் கொரங்காடு என்று பெயர். புல் தழைக்கும் முன் மாட்டை உள்ளே விடக் கூடாது என்பது எழுதப்படாத விதி. சாலுக்குத் தோல் தைத்துக் கொடுக்கவும், விடியுமுன் வந்து மாடு ஓட்டவும், பாத்திக்கு மடை மாற்றவும் ஆட்கள் வேண்டும். தோல் வேலை அருந்ததியர் குடும்பங்களின் கையில் இருந்தது.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு நாளில் பாய்ச்ச முடிந்த நிலம் மிகச் சிறிது. ஆதலால் ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் கணக்கு இருந்தது. கிணற்றில் ஊறும் நீருக்கு மேல் யாராலும் இறைக்க முடியவில்லை. பிற்பாடு நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைப்பது நல்லது.

இரயிலும் மின்சாரமும் அணையும்

இந்த வட்டாரத்திற்கு அடிப்படை வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இரயில் பாதை 1862ல் போத்தனூரைத் தொட்டது. கோவையின் முதல் நூற்பாலை 1888ல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி இங்கே பரவியது. கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்த இந்த நீண்ட இழைப் பருத்திக்கு ஆலைகளில் நல்ல கிராக்கி இருந்தது.

1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. கோவைப் பகுதியின் தொழிலும் வேளாண்மையும் மாறியது அதன் பிறகுதான். மின்சாரம் ஆலைக்கும் போயிற்று, கிணற்றுக்கும் போயிற்று. காளை இழுத்த இடத்தில் மோட்டார் இழுத்தது. நாட்டு விடுதலைக்குப் பின் கட்டப்பட்ட கீழ்பவானி அணை 1955ல் நிறைவடைந்தது. சுமார் 200 கி.மீ. நீளமுள்ள அதன் கால்வாய் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் அளிக்கத் திட்டமிடப்பட்டது.

சந்தையும் ஒரு வசதியே. 1933ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின்படி, 1936ல் திருப்பூரில் பருத்திக்கான ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. சரியான எடை, பகிரங்க ஏலம், உடனடிப் பணம் ஆகியவை உழவருக்குக் கிடைக்க இது வழி செய்தது. எடையில் ஏமாற்று இல்லை என்று தெரிந்தால்தான், தரமான சரக்கை விளைவிக்க வேண்டும் என்ற ஆர்வம் உழவருக்குப் பிறக்கும்.

பள்ளியும் பட்டறையும்

வசதி வந்தால் மட்டும் போதுமா? மோட்டார் வந்தது; அது பழுதானால் யார் சரி செய்வது? புதிய பருத்தி வந்தது. அதற்கு எவ்வளவு உரம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று யார் சொல்வது? இந்த இடத்தில்தான் கல்வி நுழைகிறது.

1868ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியின் வழிவந்த கல்லூரி, 1906ல் கோவைக்கு வந்தது. அதுவே 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1912ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் நிறுவப்பட்டது. அங்கே நாணல் இனத்தோடு ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918ல் வெளியாயிற்று. 1968ல் வெளியான எம்.சி.யு. 5 பருத்தி நீண்ட இழைக்குப் பெயர் பெற்றது. ஆராய்ச்சி வயல்கள் அருகில் இருந்ததால், புதிய இரகத்தை நேரில் பார்த்து, பயிரிட்டவரைக் கேட்டு முடிவு செய்யும் வாய்ப்பு இவ்வட்டார உழவருக்குக் கிடைத்தது.

தொழிற்கல்வியும் உடன் வளர்ந்தது. 1926ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொடங்கியது; அதே ஆண்டில் அதன் தொழிற்பயிற்சி நிலையமும் ஏற்பட்டது. 1930ல் தி.சு. அவினாசிலிங்கம் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1937ல் கோவையில் உள்நாட்டு மின் மோட்டார் உருவாயிற்று, ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் பெயர்கள் அதனோடு இணைந்தவை. பின்னர் கோவையின் பம்பு செட்டுகள் இந்தியா முழுவதற்கும் போயின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் வார்ப்படப் பட்டறையிலும் கடைசல் பட்டறையிலும் வேலை கற்று, பின் தாமே சிறு பட்டறை வைத்தனர். கிணற்று நீர் தந்த மகசூல் பட்டறைக்கு முதலாயிற்று. பட்டறையில் உருவான பம்பு மீண்டும் கிணற்றுக்கு வந்தது. நிலமும் தொழிலும் ஒன்றுக்கொன்று கை கொடுத்த இந்தச் சுற்றே வட்டார வளர்ச்சியின் அடையாளம்.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைக் கவனிக்க வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். கோவை மாவட்டத்தில் 84 பேர். ஆனால் மஞ்சள் வணிகத்திலும் ஜவுளியிலும் பெயர் பெற்ற ஈரோடு மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 73 பேரே. மாநிலச் சராசரியை விட இது குறைவு. இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. முதலாவது, தொழிலோடு இணைந்த கைக்கல்வி, ஏட்டுக் கல்வி குறைந்த இடத்திலும் வருமானத்தைப் பெருக்க வல்லது. இரண்டாவது, வருமானம் பெருகியதனால் மட்டுமே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடவில்லை. வேலை எளிதில் கிடைக்கும் ஊரில் பிள்ளையைச் சிறு வயதிலேயே கூலிக்கு அனுப்பும் பழக்கமும் வளரக்கூடும். இதைத் தடுப்பது ஊர் எதை மதிக்கிறது என்பதைப் பொறுத்தது.

உழைப்பும் நாணயமும்

கொங்கு வட்டாரத்தில் நிலம் உடையவரும் ஆட்களோடு வயலில் இறங்கி வேலை செய்வது நெடுங்கால வழக்கம். கவலைக் கிணறு அவரை வீட்டுத் திண்ணையில் உட்கார விடவில்லை. வேலையின் நுணுக்கம் தெரிந்தவர் பட்டறை தொடங்கினாலும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். எண்ணெயும் கரியும் கையில் படுவதை இழிவாக எண்ணாத இந்த வழக்கம், மூலதனத்திற்குச் சமமான சொத்து.

அடுத்தது நாணயம். வங்கிகள் கிராமத்திற்கு வராத காலத்தில் உறவினரும் நண்பரும் கூடிப் பங்கு போட்டுப் பல தொழில்களைத் தொடங்கினர். சொன்ன தேதியில் சொன்ன பணம் வந்து சேரும் என்ற நம்பிக்கையே அதற்கு அடமானம். கூட்டுறவுக் கடன் சங்கமும் பால் சங்கமும் இத்தகைய நம்பிக்கை உள்ள ஊரில்தான் நிலைக்கின்றன. பால் சங்கத்தைப் பாருங்கள். காலையும் மாலையும் அளவு எடுத்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து, அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். சோதனை நேர்மையாக இருக்கும் ஊரில் தண்ணீர் கலக்கும் பழக்கம் மறைகிறது. சோதனையில் பாரபட்சம் புகுந்தால் நல்ல பால் ஊற்றுபவர்கள் முதலில் விலகுவார்கள். கருவி ஒன்றே, பலன் வேறாவதற்குக் காரணம் நடத்தை.

இதே பண்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பதால் நன்மை இல்லை. உறவுக்குள் இருந்த நம்பிக்கை ஊர் முழுவதற்கும் விரியவில்லை. மோட்டார் வந்தபோது சாலுக்குத் தோல் தைத்த குடும்பங்கள் தம் தொழிலை இழந்தன. நிலம் வைத்திருந்தவர் பிள்ளைக்குப் பட்டறையில் இடம் கிடைத்தது போல, பண்ணையில் மாடு ஓட்டியவர் பிள்ளைக்கு எளிதில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலிலும் சாதி வேற்றுமை நின்றது. 1956ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டமும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரப் பெரிதும் உதவின. ஒரு வட்டாரத்தின் அறிவில் பாதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு முழு முன்னேற்றம் காண முடியாது. பெண் கல்விக்கும் இது பொருந்தும்.

வசதி மட்டும் தனித்து நின்றால்

இனித் தடுமாற்றத்தின் பக்கம் வருவோம்.

1970ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் போராடினர். 1972ல் மாட்டு வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிச் சென்று வீதிகளில் நிறுத்தினர். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த அப்போராட்டங்கள் உழவர் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு. பின்னர் 1980களில் சிறு உழவருக்குத் தொடங்கிய இலவச மின்சாரம், 1990 வாக்கில் எல்லா உழவருக்கும் ஆயிற்று. சிறு உழவருக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் கட்டணத்திற்காக ஒன்று கூடிய உழவர்கள், நிலத்தடி நீரைப் பங்கிடுவதற்காக ஒன்று கூடவில்லை. கவலைக் காலத்தில் மாட்டின் வலுவே இறைப்புக்கு எல்லை. மோட்டார் அந்த எல்லையை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஊரார் வேறு எல்லை எதையும் வகுக்கவில்லை. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் பக்கத்துத் தோட்டக்காரரும் ஆழப்படுத்தினார். கிணறு வற்றியதும் ஆழ்துளைக் கிணறு போட்டனர். 200 அடி போய் 500 அடி ஆயிற்று. சில இடங்களில் 1000 அடியையும் தாண்டியது.

கடும்பாறைப் பகுதியில் நீர், மேற்பாறை சிதைந்த பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தேங்குகிறது. ஆழமாகத் துளைப்பதால் புதிய நீர் பிறப்பதில்லை. பெரும்பாலும் அக்கம்பக்கத்து வெடிப்புகளின் நீரே இழுபட்டு வருகிறது. ஆழம் கூடக் கூட இறைக்கும் சக்தியும் கூடும். 5 குதிரைத் திறன் மோட்டார் 60 அடியிலிருந்து மணிக்குச் சுமார் 38,000 லிட்டர் தண்ணீர் எடுக்கும் என்றால், அதே சக்தியில் 600 அடியிலிருந்து கிடைப்பது சுமார் 3,800 லிட்டரே. மின்சாரம் இலவசம் ஆனாலும் துளையிடும் செலவும் குழாய், மோட்டார் செலவும் உழவர் தலையில்தான். கடன் வாங்கித் துளையிட்ட குழி வறண்டு போனால், அந்தக் குடும்பம் நிலத்தையே விற்க நேர்கிறது.

நொய்யல் ஆற்றின் கதையும் இதைப் போன்றதே. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியது, சாயப்பட்டறைகளும் பெருகின. பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992ல் நிறைவடைந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. கீழே உள்ள ஆயக்கட்டு உழவர்கள் கிணற்று நீரும் கெட்டு, தென்னையும் பட்டு, நீதிமன்றத்தை நாடினர். நீண்ட வழக்குக்குப் பின், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறிய பிறகே பட்டறைகள் மீண்டும் இயங்கின. அணையும் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது, படித்தவர்களும் இருந்தார்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்ற பொது விதியைக் காக்க மட்டும் உரிய காலத்தில் யாரும் முன்வரவில்லை.

கீழ்பவானிக் கால்வாயில் இதற்கு மாறான வழக்கம் ஒன்றைக் காணலாம். ஆயக்கட்டில் ஒரு பாதிக்கு முதல் பருவத்தில் நஞ்சைப் பயிருக்கும், மறுபாதிக்கு அடுத்த பருவத்தில் புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுவது அங்கே முறை. மறு ஆண்டு முறை மாறும். கைக்கு எட்டும் தூரத்தில் கால்வாய் நிறைய நீர் ஓடும்போதும், தன் முறை வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தால்தான் கிடைக்கும் நீர் இவ்வளவு பரப்புக்குப் பாய்கிறது. அண்மை ஆண்டுகளில் அக்கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் போடுவது பற்றி உழவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. கடைமடை உழவருக்குத் தண்ணீர் விரைவில் வர வேண்டும். கால்வாய் ஓரத்துக் கிணற்று உழவருக்குக் கசிவுநீர் வேண்டும். இரண்டும் நியாயமே. எந்த வசதியாயினும், அதனால் பயன் பெறுவோரும் பாதிக்கப்படுவோரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஊர்த் தண்ணீர்க் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய கணக்குத்தான்.

ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அது ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர். ஆண்டு மழை 24 அங்குலம், அதாவது சுமார் 600 மி.மீ. என்றால், ஓர் ஏக்கரில் விழுவது 24 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி ஆவியாகிறது, பயிர் உறிஞ்சுகிறது, ஓடை வழி ஓடிவிடுகிறது. கடும்பாறைப் பகுதியில் சுமார் பத்தில் ஒரு பங்கே நிலத்தடிக்குச் சேரும் என்று தோராயமாகக் கொள்ளலாம். அப்படியானால் ஓர் ஏக்கரின் பங்கு சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்.

மஞ்சள் பயிருக்கு அதன் ஒன்பது மாதக் காலத்தில் சுமார் 1500 மி.மீ., அதாவது 60 அங்குல நீர் தேவை. ஏக்கருக்கு 60 லட்சம் லிட்டர். அந்த மாதங்களில் பெய்யும் மழையிலிருந்து 20 லட்சம் லிட்டர் பயிருக்குப் பயன்படும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மீதி 40 லட்சம் லிட்டரைக் கிணறு தர வேண்டும். அதாவது ஓர் ஏக்கர் மஞ்சள், சுமார் 16 ஏக்கரின் நிலத்தடி நீரைக் குடிக்கிறது. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி திரும்பவும் நிலத்துக்குள் இறங்கும் என்பதைக் கழித்தாலும் 10 ஏக்கருக்குக் குறையாது.

மக்காச்சோளத்திற்குச் சுமார் 20 அங்குலம் போதும். அதில் பாதியை மழை தந்தால், மீதி 10 லட்சம் லிட்டர் சுமார் 4 ஏக்கரின் பங்கு. மானாவாரிச் சோளத்திற்குக் கிணறே தேவையில்லை.

மஞ்சள் பயிரிடக் கூடாது என்பது இதன் பொருள் அன்று. நூறு ஏக்கர் கொண்ட ஊரில் மழையை மட்டும் நம்பிய கிணறுகளை வைத்துக்கொண்டு 30 ஏக்கரில் மஞ்சளோ வாழையோ வைத்தால், ஊர் தன் வருமானத்திற்கு மேல் செலவு செய்கிறது. அந்தக் கடனை ஆழ்துளைக் கிணறு சில ஆண்டுகள் மறைக்கும், அடைக்காது. வட்டாரத்தில் படித்தவர்கள் பெருகியும், இந்தச் சிறு கணக்கை ஊர் கூடிப் போட்டுப் பார்க்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை

2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு அவினாசித் திட்டம் இதற்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. சுமார் 60 ஆண்டு காலக் கோரிக்கை இது. பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி. அளவை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் கொண்டுவந்து, 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது இதன் நோக்கம். குழாய் வழியாக நீர் குளத்து வாய் வரை வரும். அதற்குப் பின் குளம் தூர்ந்து போகாமலும், வேலிக்கருவை மண்டாமலும், கழிவுநீர் கலக்காமலும் காப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு. குளத்து நீர் ஊறிக் கிணற்று மட்டம் உயர்ந்தவுடன் எல்லாரும் ஒரே ஆண்டில் வாழைக்கும் மஞ்சளுக்கும் தாவினால், சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்புவோம்.

இத்திட்டப் பகுதிக்கு மட்டுமின்றி, கிணற்றை நம்பியுள்ள எல்லா ஊர்களுக்கும் கீழ்க்கண்ட முறைகள் பொருந்தும்.

1. கிணற்று மட்டம் அளத்தல்: ஊரின் மேல் பகுதி, நடுப் பகுதி, கீழ்ப் பகுதி என்று ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இறைப்பதற்கு முன், காலையில் அளப்பது நல்லது. அளவைப் பால் சங்கச் சுவரிலோ பள்ளிக்கூடப் பலகையிலோ எழுதி வைக்கலாம். கூடவே பள்ளியில் ஒரு மழைமானி வைத்து மாணவர்களைக் குறிப்பெடுக்கச் சொன்னால், கல்வியும் ஊருக்குப் பயன்படும்.

2. பருவத்திற்கு முன் கூடிப் பேசுதல்: கார்த்திகைப் பட்டத்திற்கு முன்பும் சித்திரைக்கு முன்பும் ஊர்க்கூட்டம் போட்டு, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப, நீர் அதிகம் வேண்டும் பயிரை ஒவ்வொருவரும் எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்யலாம். கட்டாயம் மஞ்சள், வாழை வைப்பவர்கள் சொட்டுநீர்ப் பாசனம் அமைத்துக்கொள்ள வேண்டும். சொட்டுநீரில் மிச்சமாகும் தண்ணீரைக் கொண்டு பரப்பைக் கூட்டிவிட்டால் ஊருக்கு மிச்சம் ஏதும் இராது என்பதையும் மறக்கலாகாது.

3. வரத்து வாய்க்கால் பராமரிப்பு: மழைக்கு முன் வாய்க்கால், மதகு, குளத்துக் கரை ஆகியவற்றைச் சீர் செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் என்ற பழைய வழக்கத்தைப் புதுப்பிக்கலாம். ஆள் அனுப்ப இயலாதவர் கூலி கொடுக்கலாம். முற்காலத்தில் இதனைக் குடிமராமத்து என்றார்கள். 2000ல் இயற்றப்பட்ட பாசன மேலாண்மைச் சட்டம், ஆயக்கட்டு உழவர்கள் நீர்ப்பாசனச் சங்கம் அமைத்துப் பொறுப்பேற்க வழி செய்துள்ளது.

4. கணக்கைப் படித்தல்: கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவை உறுப்பினர் முன் முழுமையாகப் படிக்க வேண்டும். கேள்வி கேட்பவரைக் குறை சொல்பவராக எண்ணக் கூடாது. கணக்குப் படிக்கும் பழக்கம் இல்லாத சங்கத்தில் ஓரிருவர் மட்டுமே பயன் பெறுவர்.

5. தரம் பிரித்து விற்றல்: மஞ்சள், பருத்தி, தேங்காய்ப் பருப்பு, மக்காச்சோளம் ஆகியவற்றை நன்கு காய வைத்துத் தரம் பிரித்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு சென்றால் சரியான எடையும் ஏல விலையும் கிடைக்கும். குறைந்த நீரில் கூடுதல் வருமானம் பெற இதுவும் ஒரு வழி.

6. யாரையும் விட்டுவிடாமை: நிலமற்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் மேல்நிலைப் பள்ளி வரை படிப்பதை ஊர் தன் பொறுப்பாக எண்ண வேண்டும். சொட்டுநீர்க் கருவி பழுது பார்த்தல், மோட்டார் சுற்றுதல், நாற்றங்கால் அமைத்தல் போன்ற பயிற்சிகளுக்கு அவர்களையும் அனுப்பலாம். தண்ணீர் பற்றிய கூட்டத்திற்குப் பெண்களையும் தொழிலாளரையும் அழைக்க வேண்டும். குடிநீர்க் குழாய் வறண்டால் முதலில் அலைபவர்கள் அவர்கள்தாம்.

படித்த பிள்ளைகள் வேளாண்மையை விட்டுப் போகிறார்கள் என்ற வருத்தம் பல பெற்றோருக்கு உண்டு. வற்றிய கிணற்றையும் அடைபடாத கடனையும் பார்த்து வளர்ந்த பிள்ளை வெளியேற நினைப்பது இயல்பே. நிலையான தண்ணீர், நேர்மையான சந்தை, மதிப்போடு நடத்தும் ஊர் ஆகியவை இருந்தால், படித்தவர்களில் ஒரு பகுதியினராவது தம் படிப்பை ஊருக்கே கொண்டுவருவார்கள்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை சொல்லலாம். சாலையும் மின்சாரமும் பள்ளியும் வந்த ஊர்களில் சில முன்னேறியதற்கும் சில பின்தங்கியதற்கும் மண் மட்டும் காரணம் அன்று. வந்த வசதியைக் கையாளும் அறிவையும், அதைப் பொதுவில் வைத்துக் காக்கும் வழக்கத்தையும் ஊரார் கூடவே வளர்த்துக்கொண்டார்களா என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. வசதிக்கு அரசை நாடலாம். அறிவுக்குப் பல்கலைக்கழகத்தையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் நாடலாம். மூன்றாவதை ஊரார்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊரில் ஐந்து கிணறுகளை அளந்து, அந்த அளவைப் பலரும் காணும் இடத்தில் எழுதி வைப்பதிலிருந்து தொடங்குங்கள்.